கையெழுத்திடாதவர்களின் காணி

ரொறன்ரோ நகருக்காக எழுதப்பட்ட முதல் காணி உறுதியில் காணியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 1787 செப்டெம்பரில், ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பக்கத்து விரிகுடா ஒன்றின் கரையில், பிரித்தானிய முடியின் சார்பில் சேர் ஜோன் ஜோன்சன் மிஸ்ஸிசாகா மக்களின் தலைவர்களைச் சந்தித்தார். துணி, கண்ணாடி, கேத்தல், ரம் என்று பொருள்கள் கைமாறின. சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் அந்த உறுதியைத் தேடி எடுத்தபோது எல்லைகள் எழுதப்பட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று தலைவர்களின் சின்னங்கள் வேறு தாள்துண்டுகளில் வரையப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. அது செல்லாது என்று 1794இல் ஆளுநர் டோர்செஸ்ரரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் யோர்க் என்ற பெயரில் ஊர் எழும்பத் தொடங்கிவிட்டது. 1805இல் இன்னொரு தாள் எழுதினார்கள். முதல் தாளில் சின்னமிட்ட தலைவர்கள் அப்போது உயிரோடு இல்லை. பழைய உறுதியில் பழுது இருக்கிறது என்று மிஸ்ஸிசாகா மக்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு இரண்டாவது தாளில் எழுதப்பட்ட விலை பத்துச் சிலிங். அவர்களுடைய கோரிக்கை 1986இல் முறைப்படி முன்வைக்கப்பட்டது. 2010இல் கனடா 145 மில்லியன் டொலர் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது.

தமிழர் திரளாகக் குடியேறிய ஸ்காபரோ இந்த எல்லைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அங்கே நடந்ததும் இதே கதைதான். 1780களின் முடிவில் ஏரிக்கரை நெடுக ஒரு 'கொள்வனவு' நடந்தது. ஏரிக்கரையில் நின்று சுட்டால் வெடிச்சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் என்பதுதான் அதன் எல்லை என்று சொல்லப்பட்டது. அதன் உறுதியிலும் எல்லை விபரம் இல்லை. 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்ற பெயரில் அரசு அந்தப் பழுதைத் திருத்தப் பார்த்தது. ஆளுக்கு 25 டொலர் கொடுத்தது. வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. ஏழு முதற்குடிகள் வழக்காடி, 2018இல்தான் 1.11 பில்லியன் டொலர் இழப்பீடும், உரிமைகளுக்கு அங்கீகாரமும், மன்னிப்பும் கிடைத்தன. எங்களில் எத்தனையோ பேர் முதல் வீட்டை வாங்கியது இந்த நிலத்தில்தான்.

இவற்றை நான் சொல்வது வரலாற்றுப் பாடமாக அல்ல. என்னை நீண்ட நாளாகத் தொந்தரவு செய்யும் ஒரு கேள்வி இருக்கிறது. நான் யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. என் தகப்பனும் பாட்டனும் பறிக்கவில்லை. வங்கியில் கடன் எடுத்து, இரண்டு வேலை செய்து, வட்டி கட்டி வீடு வாங்கினேன். அப்படியிருக்க, இந்த வெற்றுத்தாள்களுக்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா?

கேள்வியை ஒழுங்காகப் பார்ப்பதற்கு மேற்குக் கரைக்குப் போக வேண்டும். ஒன்ராறியோவில் பழுதான தாளாவது இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் தாளே இல்லை.

1763இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் ஒரு பிரகடனம் செய்தார். பூர்வகுடிகளின் நிலத்தைத் தனியாட்கள் வாங்கக்கூடாது. அவர்கள் விற்க விரும்பினால் பொதுக்கூட்டத்தில், முடிக்கு மட்டுமே விற்கலாம். விற்கலாம் என்றால் அது அவர்களுடையது என்று மன்னரே ஒப்புக்கொண்டார் என்றாகிறது. 1850க்கும் 1854க்கும் இடையில் ஹட்சன் பே கொம்பனியின் ஜேம்ஸ் டக்ளஸ் வன்கூவர் தீவில் பதினான்கு உடன்படிக்கைகள் செய்தார். முதலாவதாகச் செய்தவற்றில் தலைவர்கள் அடையாளமிட்டது வெற்றுத்தாளில். வாசகம் பிறகுதான் லண்டனிலிருந்து வந்தது. நியூசிலாந்தில் பாவித்த உறுதியொன்றைப் பார்த்து எழுதியது. டக்ளஸ் அதை வெற்றிடத்தில் நிரப்பினார். தங்கள் முன்னோர் போர்வைகளை வாங்கிக்கொண்டு புள்ளடியிட்டது சமாதானத்துக்காக, நிலத்தை விற்பதற்காக அல்ல என்று சானிச் மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அதன் பிறகு பெருநிலப்பரப்பில் உடன்படிக்கை செய்யும் வழக்கமே நின்றுபோனது. வடகிழக்கு மூலையொன்றைத் தவிர மற்ற இடமெல்லாம் அளந்து விற்கப்பட்டன. 1887இல் நிஸ்கா தலைவர்கள் வள்ளத்தில் விக்டோரியாவுக்குப் போய், எங்களோடு உடன்படிக்கை செய்யுங்கள் என்று கேட்டார்கள். மாகாண முதல்வர் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

பிறகு நடந்தவற்றை நீதிமன்றங்களில் பார்க்கலாம். அங்கே என்னை முதலில் உறுத்தியது, யார் எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது.

1964இல் நனைமோ மக்களில் இருவர் பருவம் தவறி மான் வேட்டையாடினார்கள் என்று வழக்கு. டக்ளஸின் தாள் எங்களுக்கு வேட்டை உரிமையைத் தருகிறது என்றார்கள் அவர்கள். அது உடன்படிக்கையே அல்ல என்று வாதாடியது அரச தரப்பு. நிலத்தை எடுத்தபோது உறுதியாக இருந்த தாள், மான் இறைச்சி என்று வந்ததும் வெறும் தாளாகிவிட்டது. நீதிமன்றம் அந்த இருவர் பக்கம் நின்றது. 1973இல் நிஸ்கா மக்களின் கால்டர் வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பூர்வகுடிகளின் நில உரிமை என்று சட்டத்தில் ஒன்று உண்டு என்பதை ஆறு நீதிபதிகள் ஏற்றார்கள். அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதில் மூவர் மூவராகப் பிரிந்தார்கள். ஏழாமவர் வழக்குத் தொடுத்த முறையில் குறை கண்டார். வழக்குத் தோற்றது. ஆனால் அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தது. நிஸ்கா உடன்படிக்கை நடைமுறைக்கு வர 2000ஆம் ஆண்டாயிற்று.

கிட்சான், வெற்சுவெட்டன் தலைவர்களின் டெல்கமூக் வழக்கு 1987இல் தொடங்கி 374 நாட்கள் விசாரிக்கப்பட்டது. மேரி ஜோன்சன் என்ற கிட்சான் மூதாட்டி தன் குடியின் வரலாற்றைச் சொல்லி, அதற்குரிய பாடலைப் பாட வேண்டும் என்றார். அவர்களுடைய முறையில் பாடல்தான் உறுதி. அது இந்த மலை, இந்த ஆறு, இன்னாருடையது என்பதற்குச் சாட்சி. தனக்கு இசை கேட்கும் காது இல்லை, பாடிப் பயனில்லை என்றார் நீதிபதி. மூதாட்டி பாடினார். 1991இல் வழக்குத் தள்ளுபடியானது. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. வாய்மொழி வரலாற்றை எழுத்துச் சான்றுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. புதிதாக விசாரிக்கச் சொன்னது. 2014இல் சில்கோட்டின் மக்களுக்கு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீற்றர் நிலத்தின் மீது உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. கனடாவில் ஒரு நீதிமன்றம் குறிப்பிட்ட ஒரு நிலத்தைச் சுட்டி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. கீழ்நீதிமன்றத்தில் அந்த விசாரணை 339 நாள் நடந்தது.

இந்த நாட்கள் முழுவதும் நிரூபிக்கும் பாரம் ஒரு பக்கத்தில்தான் கிடந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் தாங்கள் இருந்ததை நிரூபித்தார்கள். பிறகு வந்த முடி, தனக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. முடியின் அடிப்படை உரிமை கேள்விக்கு அப்பாற்பட்டது என்ற இடத்திலிருந்துதான் சட்டம் தொடங்குகிறது. உறுதி இல்லாதவர் யார் என்று ஒரு குழந்தையிடம் கேட்டால் அது அரசைத்தான் காட்டும்.

இந்த ஏற்பாடு எங்களுக்குப் புதியதல்ல. 1840இல் பிரித்தானியர் இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாம் மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது அது. கண்டிக் கிராமத்தவன் மாடு மேய்த்த காட்டுக்கு உறுதி வைத்திருக்கவில்லை. காடு கோப்பித் தோட்டமாயிற்று. அங்கே வேலை செய்யக் கொண்டுவரப்பட்ட தமிழர்களுக்குத் தலைமுறைகள் கடந்தும் ஒரு துண்டு நிலம் சொந்தமாகவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே பேரரசு, ஒரே கணக்கு. எழுதி வைக்கப்படாத நிலம் எழுதத் தெரிந்தவனுடையது.

எழுத்தில் இல்லாதது சட்டமாகாது என்றும் எங்களால் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை நெடுங்காலம் வாயில்தான் இருந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதை எழுத்தாக்கி முடித்தது 1707இல். பன்னிரண்டு முதலிமார் வாசித்துச் சரி என்றார்கள். முதுசம் எது, சீதனம் எது, தேடிய தேட்டம் எது, காணியை விற்கும்போது எந்தப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு முன்பும் சட்டமாகவே இருந்தன. தேசவழமையை மதித்த நீதிமன்றத்தை நியாயமானது என்று சொல்லும் நாங்கள், கிட்சான் மூதாட்டியின் பாடலை வெறும் பாட்டு என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்ல வேண்டும். 2025 ஓகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் உயர் நீதிமன்றம் கவுச்சன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 513 நாள் விசாரணை. வன்கூவருக்கு அருகே, இன்று ரிச்மண்ட் என்ற நகரமாக இருக்கும் இடத்தில், பிரேசர் ஆற்றின் கரையில் கவுச்சன் மக்களுக்கு ஒரு கோடைகால மீன்பிடிக் கிராமம் இருந்தது. அதைச் சார்ந்த ஏறத்தாழ 800 ஏக்கரில் அவர்களுக்கு உரிமை உண்டு என்றார் நீதிபதி. அதற்குள் மத்திய அரசும் நகராட்சியும் வைத்திருந்த உறுதிகளில் பெரும்பாலானவை செல்லாதவை என்றார். பூர்வகுடிகளுக்கு நிலம் ஒதுக்கும் பொறுப்பிலிருந்த குடியேற்ற அதிகாரியே அங்கே தனக்குக் காணி வாங்கிக்கொண்டதையும் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. தனியார் வீடுகளின் உறுதிகளைச் செல்லாதவையாக்கும்படி கவுச்சன் மக்கள் கேட்கவில்லை, நீதிமன்றமும் ஆக்கவில்லை. ஆனால் அந்த உறுதிகளையும் கவுச்சன் உரிமையையும் எப்படி இணங்க வைப்பது என்று மாகாண அரசு அவர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்றது. பல தரப்பும் மேன்முறையீடு செய்தன. நகரபிதா வீட்டுக்காரர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். பயம் பரவியது.

சறேயில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி எடுத்தான். அவன் வீடு அந்த 800 ஏக்கருக்குள் இல்லை. ஆனாலும் குரலில் நடுக்கம்.

"அண்ணை, முப்பது வருசம் உழைச்சு எடுத்த வீடு. ஊரிலையும் விட்டிட்டு வந்தம். இனி இஞ்சையும் விடச் சொல்லுவாங்களோ?"

"உன்ரை வீட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"இண்டைக்குக் கேக்கேல்லை. நாளைக்கு? நாங்கள் களவெடுத்தனாங்களே? காசு குடுத்து வாங்கினனாங்கள்."

"ஆரிட்டை வாங்கினனி?"

அவன் முந்தைய வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னான். அவர் யாரிடம் வாங்கினார், அதற்கு முந்தியவர் யாரிடம் என்று இருவரும் பின்னுக்குப் போனோம். அந்தச் சங்கிலி எங்கே முடியும் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

அவனுடைய பயத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். வங்கி தயங்கினால் வீட்டின் விலை விழும். ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவனுக்கு 'செல்லாது' என்ற சொல் மற்றவர்களுக்குக் கேட்பதைப் போலக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பயம் யார் பக்கம் திரும்புகிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது.

ஊரில் ஒருவர் சந்தையில் காசு கொடுத்துப் பசு வாங்குகிறார். சில மாதத்தில் அயலூர்க்காரர் வந்து குறியைக் காட்டி, இது என் பசு, கட்டையிலிருந்து அவிழ்த்துப் போனார்கள் என்கிறார். வாங்கியவர் கள்ளனா? இல்லை. ஆனால் அவர் கள்ளன் இல்லை என்பதால் பசு அவருடையதாகிவிடுமா? ஊரில் யாரும் அப்படித் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். நீ யாரிடம் வாங்கினாய், அவனைக் கூட்டிவா என்பார்கள். குற்றமின்மை ஒரு கேள்விக்குப் பதில். உரிமை வேறொரு கேள்வி. வாங்கியவருக்கு வழக்கு உண்டு, ஆனால் அது விற்றவன் மீது.

கனடாவில் விற்றவன் முடி. அதுவே பதிவாளனும் கூட. காணிப் பதிவேட்டை நடத்தி, இந்த உறுதியை நம்பி வாங்கு என்று சொன்னதும் அதுதான். கவுச்சன் மக்களும் என் தம்பியும் எதிரெதிராக நிற்பதைப் போலத் தெரிகிறதே தவிர, இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே. ஒருவரிடம் எடுத்தார், மற்றவருக்கு விற்றார். இப்போது அவர், பார், உன் வீட்டைக் கேட்கிறார்கள் என்று வாங்கியவரைப் பயமுறுத்தித் தனக்கு முன்னால் நிறுத்துகிறார். நாங்கள் போய் நிற்கிறோம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. காலம் கடந்துவிட்டது என்பது முதலாவது. காலம் உரிமையை மாற்றும் என்பது நியாயமான விதிதான். இலங்கையில் பத்து வருட எதிராட்சி உரிமை தரும். ஆனால் அந்தச் சட்டமே குழந்தைக்கு எதிராகவும் சித்தம் கலங்கியவருக்கு எதிராகவும் கடல் கடந்திருப்பவருக்கு எதிராகவும் காலத்தைக் கணக்கிடுவதில்லை. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் இன்னொரு விசேட சட்டம் இயற்றியது. யுத்தத்தால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை எண்ணக்கூடாது என்றது. கேட்க முடியாதவனுக்கு எதிராகக் கடிகாரம் ஓடாது. கனடாவில் 1927 முதல் 1951 வரை, நிலக் கோரிக்கைக்காகப் பூர்வகுடிகளிடம் அனுமதியில்லாமல் பணம் சேர்ப்பது குற்றம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு சேர்க்க முடியாது. வாயைக் கட்டிவிட்டு, ஏன் இவ்வளவு நாளும் பேசவில்லை என்று கேட்பது நியாயமல்ல.

பூர்வகுடிகளே தங்களுக்குள் இணங்கவில்லை என்பது இரண்டாவது. உண்மைதான். ரிச்மண்ட் நிலத்தில் கவுச்சன் உரிமையை மஸ்குயம் மக்களும் சவாசன் மக்களும் எதிர்க்கிறார்கள். ஆனால் இரண்டு பங்காளிகள் வேலிக்கு வழக்காடுவதால் காணி மூன்றாமவருக்குப் போய்விடாது. எங்கள் ஊரில் வேலி வழக்கு நடக்காத ஒழுங்கை எது?

நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தானே என்பது மூன்றாவது. இதைத்தான் அதிகம் கேட்கிறேன். இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள் உறுதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2013இல் அரசு 6,000க்கும் மேற்பட்ட ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். கேப்பாப்பிலவில் 2017இல் மக்கள் இராணுவ முகாமின் வாசலில் இருந்து, எங்கள் காணிதான் வேண்டும் என்றார்கள். புலம்பெயர்ந்த நாங்கள் அவர்களை ஆதரித்தோம். நாங்கள் கையெழுத்திடவில்லை, ஆகவே காணி எங்களுடையது என்பதே அங்கே எங்கள் வாதம். அந்த வாதம் சரியென்றால் பிரேசர் ஆற்றங்கரையிலும் சரி. பட்ட துன்பம் நியாயத்தைப் புரிந்துகொள்ள உதவலாம். இன்னொருவருடைய நியாயத்தைத் தள்ளுபடி செய்ய அது உரிமை தராது.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழர்களோடு எஸ்குவைமோல்ற் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நீங்கள் யார் என்று நிரூபிக்கும் பத்திரம் எங்கே என்று கேட்டு அவர்களில் பலரை மாதக்கணக்காகத் தடுத்து வைத்தார்கள். 1850இல் டக்ளஸ் வெற்றுத்தாளில் புள்ளடி வாங்கிய கரை அதுதான். பத்திரம் கேட்ட அரசிடம் அந்தக் கரைக்கு இருக்கும் பத்திரம் அந்தத் தாள்தான்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டை விட்டு வெளியேறு என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களும் கேட்கவில்லை. வழி இல்லாமலும் இல்லை. 2024இல் ஹைடா மக்களும் பிரிட்டிஷ் கொலம்பியா அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஹைடா குவாய் தீவுகள் முழுவதும் ஹைடா மக்களுக்கு உரியவை என்று அரசு ஏற்றது. அங்குள்ள தனியார் உறுதிகளும் தொடரும் என்று ஹைடா மக்கள் ஏற்றார்கள். விற்றவர் உரியவரோடு உட்கார்ந்து பேசினால் வாங்கியவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

எங்கள் பங்கு அதற்கு வழிவிடுவது. பயத்தைக் காட்டி அரசு பேச்சை இழுத்தடிக்கும்போது, எங்கள் பெயரில் இழுத்தடிக்காதே என்று சொல்லலாம். இழப்பீடு எங்கள் வரிப்பணத்திலிருந்து போகும்போது அதை நன்கொடை என்று நினைக்காமல், கட்டாமல் விட்ட விலையின் மிச்சம் என்று நினைக்கலாம். எங்கள் விழாக்களில் மங்கல விளக்குக்கும் அகவணக்கத்துக்கும் இடையில் யாரோ ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் நில அங்கீகாரம் வாசிக்கிறது. பெரியவர்கள் அந்த நேரம் கதிரை தேடுகிறார்கள். அதைத் தமிழில், எந்த உடன்படிக்கை, எந்த ஆண்டு, எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விபரத்தோடு ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். காணிக் கணக்கு எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே விளங்கும்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. வலிகாமத்து மக்களைப் போல இங்கேயும் சிலர், காசு வேண்டாம், அந்த இடம்தான் வேண்டும் என்று சொல்லக்கூடும். அந்த இடத்தில் என் தம்பி போன்ற ஒருவரின் வீடு இருந்தால் எது நியாயம் என்பதற்கு என்னிடம் ஆயத்தமான பதில் இல்லை. அந்தப் பேச்சு நடக்கும் மேசையில் நான் எந்தப் பக்கத்துக் கதிரையில் இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும். உறுதியே இல்லாமல் விற்றவரின் பக்கத்துக் கதிரை எனக்கு வேண்டாம்.